சீசனில் ஊட்டி, குன்னூர் தோட்டங்களில் குடும்பப் படம்: பூவுக்கு முன்னால் நிழலைத் தேடுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் என் போனில் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "அக்கா, ரோஸ் கார்டன்ல பூ வந்துடுச்சா?" திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கமிருந்து குடும்பத்தோடு மேலே வருகிறவர்கள் கேட்பார்கள். பூவைப் பற்றிக் கவலை வேண்டாம். சீசனுக்குப் பூக்க வேண்டும் என்று மாதங்களுக்கு முன்பே கவாத்து செய்து, உரம் வைத்து, தொட்டியில் நாற்று வளர்த்துத் தோட்டக்காரர்கள் தயாராக வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. "கூட வர்ற பெரியவங்களுக்கு என்ன வயசு? குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்?" எந்த நேரத்தில், எந்த மரத்தடியில் எடுப்பது என்பதை இந்த இரண்டு பதில்களை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

குன்னூரில் இருபது வருஷத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் உண்டு. ஆனாலும் மனசுக்குப் பிடித்தது தோட்டத்தில் எடுக்கும் குடும்பப் படம்தான். அப்பா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கே தயாரானது. வீட்டில் ஒரு யாஷிகா இருந்தது, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். வருஷத்துக்கு ஒரு ரோல்தான் எங்களுக்கு. எங்களை நிற்க வைப்பதற்கு முன்னால் அப்பா கையை மடக்கி முஷ்டியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார். ஏதோ சாமி கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

அவர் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் செய்து பாருங்கள். முஷ்டியை நீட்டினால் விரல் முட்டிகள் மேடாகவும் அவற்றுக்கு நடுவே பள்ளமாகவும் தெரியும். மேடு நெற்றி, பள்ளம் கண்குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது பள்ளம் கறுப்பாக இருக்கும். இன்னொரு பக்கம் திரும்பும்போது பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம் போய் தோல் மெத்தென்று தெரியும். அப்போது முஷ்டி இருக்கும் பக்கத்தில், உங்களைப் பார்த்தபடி குடும்பம் நிற்க வேண்டும். பூ அவர்களுக்குப் பின்னால் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூவை விட்டுவிட்டு முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் நீலகிரியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடிகாரத்தில் அப்போது மணி 12:20 இருக்கும். கம்பத்தை நட்டு வைத்தால் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். மே மாதம் முழுக்கவும் பெரிதாக மாறிவிடாது. தலைக்கு மேலிருந்து விழுகிற வெயிலில் புருவம் கண்ணை மறைக்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்பதால் காற்று மெல்லியது, வானம் துடைத்த மாதிரி இருக்கும். கீழே சமவெளியில் தூசியும் புகையும் வெயிலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகின்றன. இங்கே அது இல்லை. வெயில் பட்ட இடம் வெளுத்தும் படாத இடம் கறுத்தும்தான் வரும். குளிர்கிறதே என்று வெயிலைத் தேடிப்போய் நிற்பதுதான் கீழிருந்து வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

ஒரு மே மாதம் மதியம் ஒரு மணிக்கு, மேடையடுக்காக ரோஜா பூத்திருந்த ஒரு தோட்டத்தில், ஈரோட்டுக் குடும்பம் ஒன்றை எடுத்தேன். பதினோரு பேர். வேனுக்கு நேரமாகிறது என்றார்கள், நானும் சரி என்று எடுத்துவிட்டேன். பூ அத்தனையும் அருமையாக வந்தது. ஆடியில் அந்த வீட்டு மகன் போன் செய்தார். "அப்பா தவறிட்டாருங்க. நீங்க எடுத்ததுதான் கடைசிப் படம். அதுல அவர் முகத்தை மட்டும் பெருசு பண்ணித் தர முடியுங்களா?" படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் இருந்தது. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிழலைத் தூக்கிப் பார்த்தேன். கண் வரவே இல்லை, புள்ளி புள்ளியாகப் பிசிறுதான் வந்தது. கடைசியில் எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். இன்று வரை எனக்கு அது ஆறவில்லை.

நம் வீடுகளில் பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்துப் படம் எடுக்கும் பழக்கம் குறைவு. கூடத்தில் மாட்டும் படம் பல நேரம் ஏதாவது ஒரு கூட்டத்துப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததாகவே இருக்கும். அதனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் வந்திருந்தாலும், முதலில் வயதில் மூத்தவரை நல்ல நிழலில் உட்கார வைத்து மார்பளவில் நான்கு படம் தனியாக எடுத்துவிடுவேன். காரணம் சொல்ல மாட்டேன். "லைட் சரியா இருக்கான்னு பாக்கணும், கொஞ்சம் உக்காருங்க" என்பேன். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள்.

சரி, எப்போது எடுப்பது? காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. தோட்டம் திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். கூட்டம் இருக்காது, புல்லில் பனித்துளி இருக்கும், வெயில் சாய்ந்து வரும். மாலை நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் அழகுதான், ஆனால் நம்ப முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து மழையாகக் கொட்டலாம். மழை வராவிட்டாலும் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும்.

வந்து இறங்கிய அன்றே எடுக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். குழந்தை வாந்தி எடுத்திருக்கும், பெரியவர்களுக்குக் காது அடைத்திருக்கும். ராத்திரி தூங்கி எழுந்த முகம்தான் படத்துக்கு நல்லது. வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது தேவை.

எந்தத் தோட்டம்

என்னைக் கேட்டால் குன்னூர் சிம்ஸ் பூங்காதான். 1874ல் உருவானது. பள்ளத்தை நோக்கி இறங்கும் சரிவில் பழைய மரங்கள் அடர்ந்து நிற்கின்றன, ருத்ராட்ச மரம்கூட உண்டு. ஊட்டியைவிட உயரம் சில நூறு மீட்டர் குறைவு, அதனால் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் குளிர் தாங்கும். முக்கியமாக, பத்தரை மணிக்குக்கூட மரத்தடியில் படம் எடுக்கலாம். படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழே குளம் வரை இறக்க வேண்டாம். மேலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன.

ஊட்டி தாவரவியல் பூங்கா பெரியது, 55 ஏக்கர். மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் 1848 வாக்கில் வடிவமைக்கத் தொடங்கியது. நுழைந்ததும் வரும் பெரிய புல்வெளியில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். அங்கே நிழலும் இல்லை, பின்னால் நடமாட்டமும் ஓயாது. கொஞ்சம் மேலே ஏறுங்கள். ஏற ஏறக் கூட்டம் குறையும், மரம் பெருகும். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் குடும்பப் படம் எடுக்க அங்கே போக வேண்டாம். பூவைப் பார்க்கப் போங்கள், படத்தை வேறொரு நாள் எடுங்கள்.

ஊட்டி ரோஜா பூங்கா, 1995ல் எல்க் மலைச் சரிவில் படிப்படியாக மேடை கட்டி அமைத்தது. திறந்த சரிவு, நிழல் மிகக் குறைவு. காலையில் முதல் ஆளாகப் போக வேண்டும், அல்லது மேகம் மூடிய நாளில் போக வேண்டும். அங்கே ஒரு வழி உண்டு. குடும்பத்தைக் கீழ் மேடையில் நிறுத்திவிட்டு நீங்கள் மேல் மேடைக்குப் போய் அங்கிருந்து எடுங்கள். பின்னால் வானமும் கட்டிடமும் வராமல் ரோஜா வரிசைகள் மட்டும் வரும். நிமிர்ந்து பார்ப்பதால் முகத்தில் வெளிச்சம் முழுதாக விழும், கழுத்துச் சதையும் மறையும்.

பூங்காவுக்குப் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. மார்ச் முதல் மே வரை இந்தப் பக்கச் சாலையோரங்களில் ஜகரண்டா பூத்து, தரையெல்லாம் ஊதாவாகக் கொட்டிக் கிடக்கும். தங்கியிருக்கும் விடுதித் தோட்டத்தில் ஒரு நீலக்கொத்து ஹைட்ரேஞ்சியா செடி இருந்தால் அதுவே போதும். கொடைக்கானல் போகிறவர்களுக்கு 1908ல் உருவான பிரையண்ட் பூங்கா இருக்கிறது. இங்கே சொன்ன நேரமும் நிழலும் அங்கேயும் பொருந்தும்.

நிழலில் எப்படி நிற்பது

மரத்துக்கு நட்டநடுவே, அடியோடு ஒட்டி நிற்காதீர்கள். இலை சந்து வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழும். ஒருவர் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, இன்னொருவர் நெற்றியில் ஒன்று என்று அதை எதனாலும் சரி செய்ய முடியாது. நிழல் முடிந்து வெயில் தொடங்கும் ஓரம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து இரண்டடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வாசல்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது முகத்தில் விழுமே, அந்த வெளிச்சம்தான் இது.

பூப்பாத்தியை ஒட்டியும் நிற்க வேண்டாம். பாத்தி பத்துப் பதினைந்து அடி பின்னால் இருக்கட்டும். பூ மெத்தென்று கரைந்து நிறமாக மட்டும் தெரியும், முகம் தனியே எழுந்து வரும். சிவப்பு சால்வியா பாத்தி என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். அடர் சிவப்பைக் கேமரா சட்டென்று எல்லை தாண்டிப் பதிந்துவிடும், இதழே தெரியாமல் சிவப்புத் திட்டு ஒன்றுதான் கிடைக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. புல்வெளியில் உட்கார்ந்து எடுத்தால் தாடைக்கும் கழுத்துக்கும் கீழே ஒரு பச்சைச் சாயல் ஏறும். புல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டி போதும். நான்காக மடித்து அவர்கள் காலுக்கு முன்னால், படத்தில் வராத இடத்தில் விரியுங்கள். அல்லது மாமா, சித்தப்பா யாராவது இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இடுப்பளவில் சாய்த்து நிற்கட்டும். பச்சை போய்விடும், கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஒளியும் வரும். என் பையில் லென்ஸ் மறந்தாலும் வேட்டி மறப்பதில்லை.

மூடுபனி வந்தால் ஓடி ஒளியாதீர்கள். மலை தரும் நல்ல வெளிச்சம் அதுதான், உச்சி வேளையில்கூட எடுக்கலாம். பின்னால் எல்லாம் வெள்ளையாக இருப்பதால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். அதனால் வெளிச்சத்தை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (கேமராவில் + பக்கம் அரை முதல் ஒன்று) கூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸில் ஈரம் படியும், பருத்தித் துணியால் அடிக்கடி துடையுங்கள். குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் உள்ளேயும் நீர் கோக்கும். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

உடுப்பு

எல்லாருக்கும் ஒரே கலரில் சட்டை எடுத்து வருகிறார்கள். வேண்டாம். பச்சைக்கும் பூவுக்கும் நடுவே சந்தன நிறம், கடுகு மஞ்சள், நீலம், மங்கிய அரக்கு ஆகியவை கலந்து வரட்டும். பளீர் சிவப்பும் கிளிப்பச்சையும் வேண்டாம். பட்டுச்சேலை தாராளமாகக் கட்டலாம், நிழலில் ஜரிகை அழகாக மின்னும், வெயிலில்தான் கண்ணைக் கூசும். குளிருக்கு ஸ்வெட்டர் தேவைதான். சால்வையாக இருந்தால் படத்தில் அழகாகவும் இருக்கும், சட்டென்று எடுக்கவும் முடியும். குரங்குக் குல்லாவை மட்டும் அந்தப் பத்து நிமிஷம் கழற்றச் சொல்லுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும், தலைமுடி மூடிவிடும்.

உட்கார ஒரு ஜமக்காளம் கட்டாயம். எட்டு மணிக்குப் புல் முழுக்க ஈரம், உட்கார்ந்து எழுந்தால் சேலை நனைந்திருக்கும், அப்புறம் யாருக்கும் சிரிப்பு வராது.

ஆட்களை நிறுத்துவது

பெரியவர்களை முதலில் உட்கார வையுங்கள். பெஞ்சில், திண்டில், எதிலாவது. அவர்களைச் சுற்றி மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரட்டும். பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி கையைத் தொங்கவிட்டு வரிசையாக நிறுத்தாதீர்கள். ஒருவர் கை இன்னொருவர் தோளிலோ முழங்காலிலோ இருக்க வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு அப்பாவைத் தொட்டு நிற்பதில் ஒரு கூச்சம் உண்டு. "அப்பா விழுந்துடாம பிடிச்சுக்குங்க அண்ணா" என்று சொல்லிப் பாருங்கள், கை தானாகப் போகும்.

அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். பேரன் அம்மிச்சி என்றால் நானும் அம்மிச்சி என்பேன். போன சித்திரையில் திருப்பூர் அம்மிச்சி ஒருவர், "எனக்கெதுக்கு கண்ணு படம், புள்ளைங்கள எடு" என்று நகர்ந்துகொண்டே இருந்தார். லைட் பார்க்க வேண்டும் என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தேன். குல்லாவைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினார், முடியைக் கையாலேயே வாரிக்கொண்டார். பேரன் வந்து மடியில் சாய்ந்தான். அவன் உதட்டோரம் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதைத் துடைத்துவிட்டார், அவன் மூஞ்சியைச் சுளித்தான், அவர் சிரித்துவிட்டார். அந்த ஒரு நொடிக்காக நான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் இருந்தேன். பதினான்கு பேர் நின்ற பெரிய படத்தைவிட அந்தப் படத்தைத்தான் பெரிதாகக் கேட்டார்கள். படத்துக்காக எல்லாரும் தயாராவதற்கு முன்னும், "முடிஞ்சுது" என்று சொன்ன பின்னும் எடுத்துக்கொண்டே இருங்கள்.

குழந்தை எங்கே பார்க்கும் என்பது யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாலு பேர் நாலு பக்கமிருந்து "இங்க பாரு, இங்க பாரு" என்று கை தட்டினால் நாலு பக்கமும் பார்க்கும். ஒரே ஆள், அதுவும் எடுப்பவரின் தலைக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு முறை கூப்பிட்டால் போதும். குழந்தை பார்த்துவிட்டால் பெரியவர்கள் குழந்தையைப் பார்க்கக் கூடாது. இதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

கேமரா, போன்

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸ் போட்டு ஆறு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், எஃப் 2.8 என்ற லென்ஸ் துவார அளவில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய இரண்டே முக்கால் அடிதான். முன்னால் உட்கார்ந்தவரின் கண்ணுக்குக் குறி வைத்தால் பின்வரிசை மங்கிவிடும். எஃப் 5.6 வைத்தால் ஐந்தரை அடி கிடைக்கும், இரண்டு வரிசையும் அடங்கும். ஷட்டர் வேகம் நொடியில் 250ல் ஒரு பங்கைவிட மெதுவாக வேண்டாம், குழந்தையும் அசையும், காற்றில் பூவும் அசையும். நிழலில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 400 முதல் 800 வரை போகலாம். நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை நிழல் (Shade) என்ற இடத்தில் வையுங்கள். மலை நிழலில் நீலம் கொஞ்சம் அதிகம், முகம் செத்த மாதிரி வரும், அது சரியாகிவிடும்.

போனில் எடுப்பவர்கள் 0.5 என்ற அகல லென்ஸைத் தொடவே வேண்டாம், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுவிடும். இரண்டு மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் நடந்து போங்கள். கூட்டமாக இருந்தால் போர்ட்ரைட் மோடு வேண்டாம், மல்லிகைச் சரத்தையும் முடியையும் அது வெட்டிவிடும். முகத்தில் விரலை அழுத்தி வைத்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள்.

பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், பூவைப் பறித்துக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தோட்டக்காரரின் மாதக்கணக்கான வேலை இருக்கிறது. பெரிய கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் மலைக்குக் கொண்டுவர வேண்டாம், தடை உண்டு.

ஊருக்குப் போன வாரத்திலேயே மூன்று படத்தையாவது பிரிண்ட் போட்டுவிடுங்கள். போனிலேயே கிடந்தால் அடுத்த போன் மாற்றும்போது போய்விடும். எல்லாரும் இருக்கும் படம் 12க்கு 8, பெரியவர் தனியாக இருக்கும் படம் ஒன்று, யாரும் கேமராவைப் பார்க்காத படம் ஒன்று. பின்பக்கம் பேர், உறவு, தேதி, தோட்டத்தின் பேர் எழுதுங்கள். இப்போதைய லேப் பேப்பரின் முதுகு வழவழப்பானது, பென்சில் ஒட்டாது, பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய மார்க்கர் பேனாவால் ஓரத்தில் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். ஒரு பிரதியைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.